சம வேலையும் சம மதிப்பும்

ஒரே வேலையைச் செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் தரப்பட வேண்டும் என்பதை இன்று பொதுமேடையில் எவரும் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் எது ஒரே வேலை, அதைத் தீர்மானிப்பவர் யார், பெண்கள் மட்டுமே செய்யும் வேலையை எந்த அளவுகோலால் அளப்பது என்னும் கேள்விகள் எழும்போது, கோட்பாட்டை ஒப்புக்கொண்ட அதே நிறுவனங்களும் அரசுகளும் தயங்கத் தொடங்குகின்றன. உலக அளவில் பெண்கள் சராசரியாக ஆண்களைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவான ஊதியம் பெறுகிறார்கள் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. சட்டங்கள் வந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னும் இந்த இடைவெளி நீடிப்பதற்கு, சட்டம் பார்க்கும் இடம் ஒன்றாகவும் குறைந்த ஊதியம் உருவாகும் இடம் வேறாகவும் இருப்பதே முதன்மையான காரணமாகும்.

இந்திய அரசியலமைப்பின் 39ஆவது பிரிவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் கிடைக்கும்படி அரசு தன் கொள்கையை வகுக்க வேண்டும் என்று பணிக்கிறது. அது வழிகாட்டு நெறிகள் என்னும் பகுதியில் அமைந்திருப்பதால், அதை மட்டும் காட்டி ஒருவர் நேரே நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது. எனினும் 1982இல் ரந்தீர் சிங் வழக்கில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி, சமத்துவ உரிமைகளோடு சேர்த்துப் படிக்கும்போது இந்நெறியை நீதிமன்றம் செயற்படுத்த இயலும் என்று தீர்ப்பளித்தார். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1951இல் நிறைவேற்றிய 100ஆவது உடன்படிக்கையை இந்தியா 1958இல் ஏற்றுக்கொண்டது. அந்த உடன்படிக்கை பேசுவது சம மதிப்புள்ள வேலையைப் பற்றி. இந்த வேறுபாடு பின்னர் பெரிதும் முக்கியமாகிறது.

உடன்படிக்கையை ஏற்ற பின்னும் உள்நாட்டுச் சட்டத்துக்காக 17 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. பன்னாட்டு மகளிர் ஆண்டாகிய 1975இல், செப்டம்பர் 26 அன்று, சம ஊதிய அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, 1976இல் நாடாளுமன்றச் சட்டமாயிற்று. 'ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை' என்பதே அச்சட்டத்தின் அடிப்படைச் சொற்றொடர். தேவைப்படும் திறனும் உழைப்பும் பொறுப்பும் ஒன்றாக இருந்து, ஒத்த பணிச்சூழலில் செய்யப்பட்டு, எஞ்சிய வேறுபாடுகள் நடைமுறையில் பொருட்படுத்தத் தக்கவையாக இல்லாவிட்டால், இரண்டு வேலைகள் ஒத்த தன்மையுடையவை என்று அச்சட்டம் கொண்டது. சமப்படுத்துவதாகச் சொல்லி ஆண்களின் ஊதியத்தைக் குறைக்கும் வழியையும் அது முன்கூட்டியே அடைத்துவிட்டது. இரண்டு விகிதங்களில் உயர்ந்ததே இருவருக்கும் உரியது.

இச்சட்டத்தின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டுவது, 1987 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த மெக்கின்னன் மெக்கன்ஸி - ஆட்ரி டி'கோஸ்டா வழக்கு. அந்நிறுவனத்தின் உயர் அலுவலர்களுக்கு அந்தரங்கச் சுருக்கெழுத்தர்களாகப் பெண்கள் மட்டுமே அமர்த்தப்பட்டிருந்தனர். பதவியின் பெயரிலேயே 'பெண்' என்பது சேர்ந்திருந்தது. அலுவலகத்தின் பொதுப்பிரிவில் சுருக்கெழுத்தும் தட்டச்சும் செய்த ஆண்களுக்கு அவர்களைவிட அதிக ஊதியம். 1977இல் பணிநீக்கம் செய்யப்பட்ட டி'கோஸ்டா, தமக்குரிய வித்தியாசத் தொகையைக் கோரித் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனுச் செய்தார். வேலை ஒன்றே என்று கண்ட அந்த அதிகாரி, பாகுபாடு மட்டும் இல்லை என்று முடிவு செய்தது விந்தையே. மேல்முறையீட்டில் அம்முடிவு மாற்றப்பட்டு, 7,000 ரூபாய்க்குச் சற்று அதிகமான நிலுவையைத் தரும்படி உத்தரவாயிற்று. அத்தொகையைத் தர மறுத்து நிறுவனம் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கும் பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது.

நிறுவனத்தின் வாதங்கள் இன்றும் பல அலுவலகங்களில் கேட்கக்கூடியவை. உயர் அலுவலருடன் இணைந்த வேலை வேறு வகையானது. ஊதிய விகிதம் தொழிற்சங்கத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அமைந்தது. நிறுவனத்தின் நிதிநிலை இடம்கொடுக்கவில்லை. நீதிபதி இ.எஸ். வெங்கட்டராமையா எழுதிய தீர்ப்பு இம்மூன்றையும் ஏற்கவில்லை. வேலையின் தன்மையைச் சிறு வேறுபாடுகளில் சிக்கிக்கொள்ளாமல் பரந்த நோக்கில் பார்க்க வேண்டும் என்றும், ஒப்பந்தம் எதுவும் சட்டத்தை மீற முடியாது என்றும், பணமில்லை என்பது பெண்ணுக்கு மட்டும் குறைத்துக் கொடுப்பதற்கான காரணமாகாது என்றும் அது தெளிவுபடுத்தியது. அந்தப் பதவியில் பெண்கள் மட்டுமே இருந்ததற்கு நிர்வாகம் அவ்வாறு விரும்பியதே காரணம் என்று கண்டு, தானே ஏற்படுத்திய பிரிவினையைக் காட்டி நிர்வாகம் தன் கடமையிலிருந்து தப்ப முடியாது என்ற நிலைக்கு நீதிமன்றம் வந்தது. இந்தியத் தொழிலாளர் சட்ட வரலாற்றில் இதைவிடப் பயனுள்ள கருத்துகள் சிலவே உண்டு.

ஆயினும் டி'கோஸ்டா வெற்றி பெறுவதற்கு ஒரு தற்செயல் துணைநின்றது: அவர் செய்த அதே சுருக்கெழுத்து வேலையை ஆண்களும் செய்துகொண்டிருந்தார்கள். அருகில் ஒப்பிடுவதற்கு ஆணே இல்லாத வேலையில், ஒத்த தன்மையை மட்டும் தேடும் சட்டத்துக்குப் பிடி கிடைப்பதில்லை.

அந்தப் பிடியைத் தருவதே 'சம மதிப்பு' என்னும் கருத்து. பிரிட்டனில் டேகனம் நகரின் ஃபோர்டு தொழிற்சாலையில் கார் இருக்கை உறைகளைத் தைத்த 187 பெண்கள் 1968இல் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டது இதைத்தான். தங்கள் தையல் வேலை திறனற்ற வேலைகளின் தரவரிசையில் வைக்கப்பட்டதை அவர்கள் எதிர்த்தார்கள். ஊதியம் ஓரளவு உயர்ந்தது, 1970இல் சம ஊதியச் சட்டமும் வந்தது. தரவரிசையை மாற்றிக்கொள்ளவோ அவர்கள் 1984இல் மீண்டும் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அதே 1984 முதல் பிரிட்டிஷ் சட்டம் சம மதிப்புள்ள வேலையையும் ஏற்றது. அதைப் பயன்படுத்தி, கேமல் லெயர்டு கப்பல் கட்டும் தளத்தின் உணவகத்தில் சமையலராக இருந்த ஜூலி ஹேவர்டு, தம் வேலையை அங்கிருந்த தச்சர், வண்ணம் பூசுபவர், வெப்பக்காப்புப் பணியாளர் ஆகியோரின் வேலைகளுடன் ஒப்பிடும்படி கோரினார். சமையலும் தச்சும் ஒத்த தன்மையுடையவை அல்ல. ஆனால் சார்பற்ற வல்லுநர் ஒருவர் அவற்றுக்குத் தேவையான அறிவு, உடலுழைப்பு, பொறுப்பு, பணிச்சூழல் ஆகியவற்றைத் தனித்தனியே எடைபோட்டபோது மதிப்பு சமமென்று தெரிந்தது. இவ்வாறு எடைபோடும் முறைக்குப் பணி மதிப்பீடு என்று பெயர். உணவும் கூடுதல் விடுப்பும் தருவதால் அடிப்படைச் சம்பளம் குறைவாக இருக்கலாம் என்ற நிறுவனத்தின் வாதத்தையும் 1988இல் அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் தள்ளிவிட்டது. ஊதியத்தின் ஒவ்வொரு கூறும் தனித்தனியே சமமாக இருக்க வேண்டும் என்றது அது. இந்தியக் கிரிக்கெட் வாரியம் 2022 அக்டோபரில் வீராங்கனைகளுக்கும் வீரர்களுக்கும் போட்டிக் கட்டணத்தைச் சமமாக்கியது பாராட்டுக்குரியதே என்றாலும், ஆண்டு ஒப்பந்தத் தொகையில் பெரும் வேறுபாடு தொடர்ந்ததை இந்த அளவுகோலால் பார்த்தால், பாதி வழியே கடக்கப்பட்டது என்பது புலப்படும்.

தமிழ்நாட்டின் வயல்களில் இந்தப் பிரச்சினை மிகத் துலக்கமாகத் தெரிகிறது. நாற்று நடுவதும் களை பறிப்பதும் பெண்ணாள் வேலை. வரப்பு வெட்டுவதும் நாற்றுக்கட்டு சுமப்பதும் மருந்தடிப்பதும் ஆண் ஆள் வேலை. இரண்டுக்கும் கூலி வேறு, பெண்ணாள் கூலி குறைவு. ஆண் செய்வது கடினமான வேலை என்று இதற்குக் காரணம் சொல்லப்படுகிறது. சேற்றில் மணிக்கணக்காகக் குனிந்தபடியே பின்னோக்கி நகர்ந்து, சீரான இடைவெளியில் விரைவாக நடுவதற்கு வேண்டிய உடல்வலிமையையும் கைத்திறனையும் இதுவரை எவரும் முறையாக அளந்து பார்த்து அந்த முடிவுக்கு வந்ததில்லை. வேலை பெண்ணுடையது என்பதே அதை எளிய வேலையாக்கிவிடுகிறது. கட்டுமானத்தில் நாள் முழுவதும் செங்கல்லும் கலவையும் சுமக்கும் சித்தாள், பல ஆண்டுகள் ஆனாலும் பெரும்பாலும் சித்தாளாகவே இருக்கிறார். உடன் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் கரண்டி பிடிக்கக் கற்றுக் கொத்தனாராகிறார். கற்றுக்கொடுப்பதில் நிகழும் இந்தப் பாகுபாடு ஊதியச் சட்டத்தின் கண்ணில் படுவதே இல்லை. ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005இல் வந்து, ஆண் பெண் இருபாலர்க்கும் ஒரே கூலி விகிதத்தை வகுத்தபோது, தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குத் திரண்டவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பெண்களாக இருந்ததற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

நாட்கூலியைச் சமமாக்குவதும் தன்னளவில் போதுமானதன்று. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் 1984இல் ஆண் பெண் நாட்கூலி சமமாக்கப்பட்டது. அது நெடுங்காலக் கோரிக்கையின் பயன். ஆனால் கவ்வாத்து வெட்டும் ஆண்கள் தங்கள் அன்றைய அளவை முடித்துப் பிற்பகலுக்குள் வீடு திரும்ப, கொழுந்து பறிக்கும் பெண்கள் மாலை வரை மலையில் நின்றார்கள். ஒரு மணி நேர உழைப்புக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் சமத்துவம் மறைந்துபோகிறது.

அரசே முதலாளியாக இருக்கும் இடத்தில் நிலைமை மேலும் வருத்தம் தருவதாக இருக்கிறது. சம ஊதிய அவசரச் சட்டம் பிறந்த ஒரு வாரத்துக்குள், 1975 அக்டோபர் 2 அன்று, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை இந்திய அரசு தொடங்கியது. அதன் அங்கன்வாடிகளில் பணியாற்றுவோர் அனைவரும் பெண்கள். அவர்களுக்குத் தரப்படுவதோ ஊதியம் என்று பெயரிடப்படாமல் மதிப்பூதியம் எனப்பட்டது. சேவை உள்ளத்தோடு முன்வந்தவர்களுக்குத் தரும் சிறு தொகை என்பது அதன் கருத்து. குழந்தைகளுக்கு உணவூட்டுதல், எடை பார்த்தல், முன்பருவக் கல்வி, கருவுற்ற பெண்களுக்கான சத்துணவு, பதிவேடுகள் என்று விரியும் முழுநேரப் பணி அது. தமிழ்நாடு அரசு சிறப்புக் காலமுறை ஊதியம் வழங்கி நிலைமையைச் சற்று உயர்த்தியிருக்கிறது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. எனினும் ஒப்பிடத்தக்க ஆண் எவரும் அந்தப் பணியில் இல்லாததால், சம ஊதியச் சட்டத்தால் இவர்களுக்கு ஒரு ரூபாயும் கூடவில்லை.

ஒரே பதவியில் ஒரே ஊதியத்துடன் தொடங்கும் படித்த பெண்களும் சில ஆண்டுகளில் பின்தங்கிவிடுகிறார்கள். 2023ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசைப் பெற்ற கிளாடியா கோல்டின், அமெரிக்காவின் இரு நூற்றாண்டுத் தரவுகளை ஆராய்ந்து, உயர் வருவாய் நாடுகளில் இடைவெளியின் பெரும்பகுதி முதல் குழந்தை பிறந்த பிறகே தோன்றுகிறது என்று காட்டினார். நீண்ட நேரமும் எந்நேரமும் அலுவலகத்துக்குக் கிடைப்பவருக்கு மிகுதியான பரிசு தரும் பணிமுறை, குழந்தையைப் பார்த்துக்கொள்பவரைத் தண்டிக்கிறது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் மகப்பேற்று விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது மிக நல்ல செயல்; ஆனால் பெரும்பாலான தனியார் நிறுவனங்களில் அந்தச் செலவு முழுவதும் முதலாளியின் மீதே விழுவதால், பெண்ணை வேலைக்கு எடுக்கவே தயங்கும் மனநிலைக்கு அது இடம்கொடுக்கிறது. இச்செலவைச் சமூகப் பாதுகாப்பு நிதியின் வழியாக அனைவரும் பகிர்வதும், தந்தையருக்கும் விடுப்பு வழங்குவதும் ஊதியச் சமத்துவத்தின் பகுதிகளாகவே கருதப்பட வேண்டும்.

1976ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தன்னுள் சேர்த்துக்கொண்ட 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு, சம மதிப்பு என்னும் கருத்தை ஏற்க நல்வாய்ப்பாக இருந்தது, அது பயன்படுத்தப்படவில்லை. பழைய சொற்றொடரே நீடிக்கிறது, அதன் விளக்கத்தில் அனுபவம் என்பதும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. குழந்தைக்காகச் சில ஆண்டுகள் விலகியிருந்த பெண்ணுக்கு எதிராக இச்சொல் பயன்படக்கூடும் என்ற அச்சம் நியாயமானது. பிற நாடுகள் வேறு திசையில் சென்றுகொண்டிருக்கின்றன. ஐஸ்லாந்தில் 25 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் சம ஊதியம் தருவதைத் தாங்களே மெய்ப்பித்துச் சான்று பெற வேண்டும் என்ற சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளியின் தோளிலிருந்து அங்கே நீங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் பிறப்பித்த நெறிமுறை, வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் முந்தைய சம்பளம் எவ்வளவு என்று கேட்பதைத் தடை செய்கிறது. ஒருமுறை குறைத்துக் கொடுக்கப்பட்டவர் வேலை மாறும் ஒவ்வொரு முறையும் அந்தக் குறையைச் சுமந்து செல்வதற்கு அந்தக் கேள்வியே வழிவகுக்கிறது.

டி'கோஸ்டா தம் நிலுவைக்காக ஏறத்தாழ பத்து ஆண்டுகள் மன்றம் மன்றமாகப் போராட வேண்டியிருந்தது; வயலில் நடவு நடும் பெண்ணிடம் அதை எதிர்பார்ப்பது நீதியாகாது. ஆகவே சட்டத்தொகுப்பில் 'சம மதிப்புள்ள வேலை' என்னும் சொற்றொடரை நாடாளுமன்றம் சேர்க்க வேண்டும். குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும் மாநிலக் குழுக்கள் நடவையும் களையெடுப்பையும் சித்தாள் வேலையையும் பணி மதிப்பீட்டுக்கு உட்படுத்த வேண்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த ஊதிய ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன், பெண்கள் மிகுந்த பிரிவுகள் எந்தத் தரவரிசையில் வைக்கப்பட்டுள்ளன என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.