அஸ்பெஸ்டஸ் கூரையும் மெசோதீலியோமா புற்றுநோயும்

மெசோதீலியோமா என்பது நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் தோன்றும் புற்றுநோய். சிலருக்கு வயிற்றறைச் சவ்விலும் வரும். இதன் முதன்மைக் காரணம் அஸ்பெஸ்டஸ் இழை. தென்னாபிரிக்காவின் நீல அஸ்பெஸ்டஸ் சுரங்கப் பகுதியில் கண்டறியப்பட்ட 33 நோயாளரைப் பற்றி வாக்னரும் அவரது குழுவினரும் 1960இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தொடர்பை உலகறியச் செய்தது. இன்று வெள்ளை அஸ்பெஸ்டஸ் உட்பட எல்லா வகைகளும் புற்றுநோயை உண்டாக்குபவை எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது.

கொழும்பில் நிலைமை

இலங்கையில் நீல அஸ்பெஸ்டஸ் 1987இல் தடைசெய்யப்பட்டது. வெள்ளை அஸ்பெஸ்டஸ் தொடர்ந்து இறக்குமதியாகிச் சீமெந்துடன் சேர்ந்து கூரைச் சீற்றாகிறது. நாட்டின் வீட்டுக் கூரைகளில் ஓட்டுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். 2018 ஜனவரி முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசு முடிவெடுத்திருந்தது. மூலப்பொருளைப் பெருமளவில் விற்கும் ரஷ்யா, தேயிலைப் பொதியொன்றில் வண்டு இருந்ததாகக் கூறி 2017 டிசெம்பரில் இலங்கைத் தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. அதே மாதத்தில் அரசு தன் முடிவைப் பின்போட்டது.

கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தோட்ட வீடுகளிலும், பழைய வீடுகள் இடிபட்டுத் தொடர்மாடிகள் எழும் வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலும் ஒரு கூரையில் கிளம்பும் தூசு பக்கத்து வீட்டு யன்னலுக்குள் போக அதிக நேரம் எடுக்காது.

ஆபத்து எப்போது?

உடையாத, நல்ல நிலையிலுள்ள சீற்றில் இழைகள் சீமெந்துக்குள் கட்டுண்டிருக்கும். அதன் கீழ் வசிப்பதால் வரும் ஆபத்து குறைவு. சீற்றை வாளால் அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும், பாசியைத் தேய்த்து அகற்றும்போதும் இழைகள் காற்றில் கலக்கின்றன. அவை கண்ணுக்குத் தெரியாதவை. சுவாசத்துடன் உள்ளே போனால் ஆண்டுக்கணக்கில் தங்கும். நோய் வெளிப்பட 20 முதல் 50 ஆண்டுகள்கூட ஆகலாம். இந்த அளவு தூசு பாதுகாப்பானது என்று சொல்ல எல்லை எதுவும் கண்டறியப்படவில்லை.

கூரை வேலை செய்யும் பாஸ்மார், இடிக்கும் தொழிலாளர், அஸ்பெஸ்டஸ் கலந்த பழைய பிரேக் உதிரிகளைக் கையாளும் கராஜ் தொழிலாளர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். அவர்களின் உடைகளைத் துவைக்கும் மனைவிக்கும் தாய்க்கும்கூட நோய் வரலாம். புகைப்பழக்கம் மெசோதீலியோமாவை உண்டாக்குவதில்லை. ஆனால் அஸ்பெஸ்டஸ் தூசுடன் சேரும்போது நுரையீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பைப் பன்மடங்காக்குகிறது.

தற்காப்பு

சீற்றைக் கழற்றும் முன் நன்றாக நனைக்க வேண்டும். ஆணியையும் திருகையும் எடுத்து முழுச் சீற்றாக இறக்க வேண்டும், மேலிருந்து எறியக்கூடாது. மின்வாள் கூடவே கூடாது. துணி முகக்கவசம் இந்த இழைகளைத் தடுக்காது. நுண்தூசை வடிகட்டும் சுவாசக் கவசமே தேவை. தூசை உலர்ந்த நிலையில் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். உடைந்த துண்டுகளைத் தடித்த பொலித்தீனில் இரட்டையாகச் சுற்றிவைத்து, எங்கே ஒப்படைப்பது என மாநகர சபையிடமோ மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமோ கேட்க வேண்டும். அவற்றைக் கால்வாயோரத்தில் கொட்டுவதும், நொறுக்கிப் பள்ளம் நிரப்புவதும் ஆபத்தைத் தெருவுக்கு மாற்றுவதாகும்.

அறிகுறியும் சிகிச்சையும்

மூச்சு வாங்குதல், ஒரு பக்க நெஞ்சு நோ, விடாத இருமல், மெலிவு, நெஞ்சில் நீர் சேர்தல் ஆகியவை அறிகுறிகள். காசநோயிலும் இவை வருவதால் நோய் அடையாளம் காணப்படத் தாமதமாகலாம். ஆகவே, முன்பு செய்த வேலை எவ்வளவு பழையதானாலும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கானும் சந்தேகத்தை எழுப்பும். சவ்வுத் திசுவை எடுத்துச் சோதிப்பதே நோயை உறுதிசெய்யும். நெஞ்சு நோய்களுக்கு வெலிசறையிலும், புற்றுநோய்க்கு மகரகமவிலும் அரச வைத்தியசாலைகள் உள்ளன. அங்கு சிகிச்சை இலவசம்.

நோயை முழுமையாகக் குணப்படுத்துவது அரிது. பெமெட்ரெக்ஸெட், சிஸ்பிளாட்டின் மருந்துகளைச் சேர்த்துத் தருவது நீண்டகாலமாக வழக்கிலுள்ள முறை. நிவோலுமாப், இபிலிமுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்துகளின் சேர்க்கைக்கு 2020இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. ஒப்பீட்டு ஆய்வில் நோயாளரின் இடைநிலை ஆயுட்காலம் 14 மாதங்களிலிருந்து 18 மாதங்களாக உயர்ந்தது. அறுவைச் சிகிச்சை எல்லோருக்கும் பொருந்தாது. நீரை வடித்தல், வலி தணித்தல், மூச்சுத்திணறலைக் குறைத்தல் ஆகியவை எந்தக் கட்டத்திலும் நோயாளிக்கு உரியவை.

உரிமையும் நிவாரணமும்

1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைத் தூசிலிருந்து தொழிலாளரைக் காக்கும் கடமையை முதலாளிமேல் வைக்கிறது; முறைப்பாடுகளைத் தொழில் திணைக்களத்திடம் கொடுக்கலாம். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விபத்துகளோடு தொழில்சார் நோய்களையும் கருத்திற் கொள்கிறது. பல ஒப்பந்தகாரரிடம் நாட்கூலிக்கு உழைத்தவருக்குப் பொறுப்பான முதலாளி யார் என நிறுவுவதே பெரும் சிக்கல். வழக்குச் செலவைத் தாங்க முடியாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் அஸ்பெஸ்டஸ் தொழிலாளர் வழக்கில், வேலையில் சேர்ந்தது முதல் 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை தொழிலாளரின் உடல்நலப் பதிவைப் பேண வேண்டும் என்று உத்தரவிட்டது. நோய் பல பத்தாண்டுகள் கழித்து வருவதால், பதிவு இல்லாதபோது உரிமையும் கைநழுவிவிடும். எனவே தொழிலாளர்கள் வேலைசெய்த இடம், காலம், ஒப்பந்தகாரர் பெயர் ஆகியவற்றை எழுதி, சம்பளச் சிட்டையையும் வைத்திய அறிக்கைகளையும் பத்திரப்படுத்த வேண்டும். குடும்பத்தார் ஒருவரிடமும் அவற்றின் பிரதியைக் கொடுத்துவைப்பது நல்லது.