பத்தியமும் பசியும்: ஆட்டிசம் உள்ள குழந்தையின் உணவு

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் உணவுப் பழக்கம் பிற குழந்தைகளின் பழக்கத்திலிருந்து வேறுபட்டிருப்பது அண்மையில் கண்டறியப்பட்ட செய்தியன்று. ஆட்டிசத்தைத் தனிநிலையாக விவரித்து 1943இல் கட்டுரை எழுதிய மருத்துவர் லியோ கானர், அதில் இடம்பெற்ற 11 குழந்தைகளுள் சிலர் கைக்குழந்தைப் பருவத்திலேயே உண்ண மறுத்ததைக் குறித்திருக்கிறார். பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2013இல் அமெரிக்காவில் வெளிவந்த தொகுப்பாய்வு, இக்குழந்தைகளுக்கு உணவு தொடர்பான சிக்கல் எழும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு மிகுதி என்றும், அவர்களுடைய உணவில் புரதமும் கால்சியமும் குறைந்திருக்கின்றன என்றும் காட்டியது. இவ்வாறு ஏற்கெனவே குறுகிப்போன உணவை உடைய குழந்தையின் பெற்றோருக்குப் பல இடங்களில் முதலில் கிடைக்கும் அறிவுரை, கோதுமையை நிறுத்துங்கள், பாலை நிறுத்துங்கள் என்பதாக இருப்பது வருத்தத்திற்குரியது. குழந்தை எதை ஒதுக்குகிறது, எதற்கு ஏங்குகிறது, ஏன் ஏங்குகிறது என்பவற்றை அறிந்த பிறகே பத்தியத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

உணவை ஒதுக்குவதற்குப் பிடிவாதமே காரணம் என்று வீட்டார் கருதுவது இயல்பு. ஆனால் பெரும்பாலும் காரணம் புலனுணர்வில் இருக்கிறது. ஒலி, ஒளி, தொடுகை, சுவை, மணம் ஆகியவற்றை அளவுக்கு மீறி உணர்வதும், மாறாக மிகக் குறைவாக உணர்வதும் ஆட்டிசத்தின் இயல்புகளுள் ஒன்று என்பதை அமெரிக்க மனநல மருத்துவக் கழகத்தின் நோயறிதல் கையேடு 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் ஏற்றுக்கொண்டது. சாம்பார் ஊற்றிப் பிசைந்த சாதத்தில் வாய்க்கு வாய் வேறுபட்டுத் தட்டுப்படும் கடுகும் கறிவேப்பிலையும் காய்த்துண்டும் அத்தகைய குழந்தைக்கு எதிர்பாராத அதிர்ச்சிகளாகின்றன. ஒரே நிறுவனத்தின் பிஸ்கட்டோ, ஒவ்வொரு நாளும் ஒரே பதத்தில் இருக்கும் வெறும் தயிர்ச்சாதமோ அப்படி ஏமாற்றுவதில்லை. உணவின் பதத்தையோ மணத்தையோ தாங்க முடியாமல் உடல்நலம் கெடும் அளவுக்கு உணவு சுருங்கிவிடுமானால் அதனைத் தனிக் கோளாறாகவே மருத்துவர்கள் இன்று வகைப்படுத்துகிறார்கள். உடல் பருமனைப் பற்றிய அச்சத்தால் உண்ணாதிருக்கும் நோயிலிருந்து இது முற்றிலும் வேறானது.

ஒதுக்குதலின் மறுபக்கம் ஏக்கம். உணவல்லாத பொருளை ஒரு மாதத்திற்கு மேலாகத் தொடர்ந்து தின்னும் பழக்கத்தை மருத்துவர்கள் பைக்கா என்கிறார்கள். எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் கைக்குழந்தையின் இயல்பு இதில் சேராது என்பதால், 2 வயதுக்குப் பிறகே இப்பெயர் பொருந்தும். தமிழ் வீடுகளில் திருநீறு, பல்பம், சுவர்க்காரை, அடுப்புக்கரி, செம்மண், நூல், காகிதம், தலைமுடி ஆகியவை இவ்வாறு தின்னப்படுகின்றன. அமெரிக்காவில் பள்ளிவயதை எட்டாத குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளிவந்த ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களில் 23 விழுக்காட்டினருக்கும் பொதுவான குழந்தைகளில் 3.5 விழுக்காட்டினருக்கும் பைக்கா இருந்தது. எனவே இப்பழக்கத்தை வளர்ப்பின் குறையாகக் கருதித் தாயைக் குற்றஞ்சாட்டுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

இத்தகைய ஏக்கத்தைக் கண்டவுடன் வயிற்றில் பூச்சி என்று சொல்லிப் பூச்சி மருந்து கொடுப்பது நம் வழக்கம். மண் தின்னும் குழந்தைக்குக் குடற்புழு ஏற்படுவது உண்மையே. ஆயினும் அது பெரும்பாலும் மண் தின்றதன் விளைவேயன்றிக் காரணம் அன்று. முதலில் ஆராய வேண்டியது இரும்புச்சத்து. மண், சாம்பல், பச்சரிசி, பனிக்கட்டி ஆகியவற்றின் மீது அடங்காத ஆசை எழுவது இரும்புச்சத்துக் குறைவின் அறியப்பட்ட அடையாளம். குறைவு நீங்கியதும் அந்த ஆசை தணிவதும் பலரிடம் காணப்படுகிறது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. சாதம், பால், பிஸ்கட் என்னும் மூன்றையே நம்பி வாழும் குழந்தைக்கு இந்த ஆபத்து இன்னும் மிகுதி. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதோடு, நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும் குழந்தைக்குப் பிற உணவுக்கான பசியும் எஞ்சுவதில்லை. ஹீமோகுளோபினோடு, உடலில் சேமித்துவைக்கப்பட்ட இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின் என்னும் புரதத்தையும் இரத்தத்தில் சோதிக்க வேண்டும். ஏனெனில் சேமிப்பு தீர்ந்த பிறகே ஹீமோகுளோபின் குறையத் தொடங்குகிறது. இரும்பு மருந்தை மருத்துவர் சொன்ன அளவில் மட்டுமே கொடுத்து, மீதியைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். அளவு மீறிய இரும்பு உயிருக்கே கேடு.

சுவர்க்காரையையும் பெயின்ட் செதிலையும் தின்னும் குழந்தைக்கு இரத்தத்தில் ஈயத்தின் அளவையும் பார்ப்பது கட்டாயம். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய கதவும் சன்னலும் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. இரும்புச்சத்துக் குறைந்த உடல் ஈயத்தை மிகுதியாக உறிஞ்சுவதால் இரண்டு கேடுகளும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. திருநீற்றை விரும்பும் குழந்தை பூசையறைக்குள் போகும்போது அருகிலிருக்கும் கற்பூரத்தையும் வாயில் போட்டுக்கொள்ளக்கூடும். சிறிதளவு கற்பூரமே குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கும் என்பது பல வீடுகளில் தெரிவதில்லை. பொம்மையிலும் கைக்கடிகாரத்திலும் உள்ள பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திற்குள் திசுவை அரிக்கத் தொடங்கும். மறுநாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சத்துக்குறை ஏதும் இல்லையென்று தெரிந்த பிறகும் ஏக்கம் தொடருமானால், அந்தப் பொருள் வாயில் தரும் உணர்வே குழந்தைக்கு வேண்டியதாக இருக்கிறது என்று கொள்ளலாம். எந்த நேரத்தில், எந்த இடத்தில், எதை எடுத்துத் தின்கிறது என்று சில வாரங்கள் குறித்துவந்தால், அது தேடுவது மொறுமொறுப்பா, மாவுப்பதமா, மெல்லும் இழுவையா என்பது புலப்படும். பல்பத்தைக் கடிப்பதில் இன்பம் காணும் குழந்தைக்கு அப்பளமும் கைமுறுக்கும், நூலையும் துணியையும் மெல்லும் குழந்தைக்கு மெல்லுவதற்கென்றே செய்யப்பட்ட ரப்பர்க் குழாயும் மாற்றாக அமையலாம். தீங்கான பொருளைப் பெரியவரிடம் கொடுத்துவிட்டுப் பிடித்த தின்பண்டத்தைப் பெற்றுக்கொள்ளும் பழக்கத்தைப் பொறுமையாகக் கற்பிக்க முடியும். அடிப்பதாலும் அதட்டுவதாலும் பழக்கம் மறைவிடத்திற்கு மாறுமேயன்றி நிற்பதில்லை.

இனிப் பத்தியம். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தையும் பாலிலுள்ள கேசின் என்னும் புரதத்தையும் விலக்கினால் ஆட்டிசத்தின் இயல்புகள் குறையும் என்ற நம்பிக்கை, மூளையில் அபின்போலச் செயல்படும் பொருள்களுக்கும் ஆட்டிசத்திற்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1979இல் யாக் பாங்க்செப் முன்வைத்த கருதுகோளைச் சார்ந்து வளர்ந்தது. இப்புரதங்கள் அரைகுறையாகச் செரித்து அத்தகைய பொருள்களாக மாறிக் குடலிலிருந்து கசிகின்றன என்பது அதன் விளக்கம். ஆனால் உணவில் எது கலந்திருக்கிறது என்பது பெற்றோருக்கும் மதிப்பிடுவோருக்கும் தெரியாதவாறு அமெரிக்காவின் ராச்செஸ்டரில் 14 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளிவந்த சோதனையில், நடத்தையிலும் தூக்கத்திலும் மலங்கழிப்பிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சிறிய சோதனைதான்; எனினும் பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டி நிறுவனம் 2013இலேயே, ஆட்டிசத்தின் அடிப்படை இயல்புகளுக்காக இத்தகைய விலக்குணவைப் பயன்படுத்த வேண்டாம் என்று தெளிவாகக் கூறிவிட்டது. இதனால் கேடில்லையே, முயன்று பார்க்கலாமே என்பாரும் உளர். ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் கையெலும்புகள் பொதுவாகவே சற்று மெலிந்திருப்பதையும், பாலை விலக்கியவர்களிடம் அந்த மெலிவு இன்னும் மிகுந்திருப்பதையும் 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியிருப்பதை அவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

விலக்க வேண்டிய தேவை உண்மையாகவே எழும் குழந்தைகளும் உண்டு. குளூட்டனால் சிறுகுடல் சிதையும் சீலியாக் நோய், பால்புரத ஒவ்வாமை ஆகியவை அதற்குரிய காரணங்கள். சீலியாக் நோய் வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவைத் தாண்ட, தென்னிந்தியாவில் ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவிலேயே காணப்பட்டது. இதில் பெற்றோர் தவறாமல் அறிய வேண்டியது ஒன்று: இந்நோய்க்கான இரத்தப் பரிசோதனையைக் கோதுமை உண்டுகொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். முன்னதாகவே நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் சோதனையில் தெரியாமல் போகலாம். பால் குடித்தால் வயிறு உப்புவது பெரும்பாலும் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காமையால் வருவது. அதற்குப் பாலின் அளவைக் குறைத்துத் தயிராகக் கொடுப்பதே பலருக்குப் போதுமானது.

கோதுமையை விலக்குவது தமிழ்ச் சமையலுக்கு அரிதன்று. இட்லி, இடியாப்பம், புட்டு, கம்பு, தினை என அரிசியும் சிறுதானியமும் வழிகாட்டுகின்றன. ரவையும் சேமியாவும் கோதுமை என்பதை மறப்பவர்கள் உண்டு. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருப்பதும், மால்ட் கலந்த பானத்தூள்களில் பார்லி இருப்பதும் அதைவிட எளிதாகக் கண்ணுக்குத் தப்புகின்றன. பாலை விலக்குவதுதான் கடினம். 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 550 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020இல் வரையறுத்துள்ளது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. முளைகட்டினால் அது உடலில் சேர்வது எளிதாகும். எள், முள்ளோடு உண்ணும் நெத்திலி, கீரை ஆகியவையும் உதவும். எனினும் அவற்றை உண்ண மறுக்கும் குழந்தைக்குக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. ஆதலால் மாற்று உணவை ஏற்றுக்கொள்ளும்வரை பழைய உணவை நிறுத்தக் கூடாது. கோதுமைத் தோசை மட்டுமே உண்ணும் குழந்தைக்கு அதே கல்லில், அதே வட்டத்தில், மாவில் மட்டும் கேழ்வரகை ஒரு கரண்டியாகத் தொடங்கி வாரக்கணக்கில் கூட்டிவர வேண்டும். மாற்றம் ஒரு நேரத்தில் ஒன்றாக மட்டுமே இருக்க வேண்டும்.

புதிய உணவைப் பழக்குவதற்கும் இதே பொறுமை தேவை. தட்டுக்கு அருகே வைப்பதைப் பொறுத்துக்கொள்வது, தொடுவது, முகர்வது, நாவால் தீண்டுவது, கடித்துத் துப்புவது ஆகிய ஒவ்வொன்றும் முன்னேற்றமே; 10, 15 முறை கண்ட பிறகே ஓர் உணவு ஏற்கப்படுவது குழந்தைகளிடம் பொதுவானது. மூக்கைப் பிடித்து ஊட்டுவதும், பிடித்த உணவுக்குள் பிடிக்காததை ஒளித்துவைப்பதும், குழந்தை நம்பியிருக்கும் அந்த ஓர் உணவையும் இழக்கச் செய்துவிடும். பாட்டி, தாத்தா உட்பட வீட்டார் அனைவரும் இதில் ஒருமித்திருப்பது அவசியம்.

வழக்கத்திற்கு மாறாகத் திடீரென்று பசி பெருகினால், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்து தொடங்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். உணவை மேலும் ஒதுக்கத் தொடங்கினால் மலச்சிக்கலையும் பல்வலியையும் ஐயுற வேண்டும். நொண்டி நடப்பதும் ஈறில் இரத்தம் கசிவதும் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயின் அறிகுறிகள். பழமும் காயும் தொடாத ஆட்டிசக் குழந்தைகளிடம் இந்நோய் இன்றும் கண்டறியப்படுகிறது. தமிழ்நாட்டுப் பெற்றோர் அரசு மருத்துவமனைகளிலுள்ள மாவட்ட இளம்பருவ இடையீட்டு மையங்களையும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்காக இயங்கும் தேசிய நிறுவனத்தையும் அணுகலாம். யார் எந்தப் பத்தியத்தைப் பரிந்துரைத்தாலும், அதைத் தொடங்கும் முன் குழந்தை ஒரு வாரம் உண்டதையும் தின்றதையும் முழுமையாக எழுதி எடுத்துச் செல்லுங்கள்; எந்தச் சோதனையின் அடிப்படையில் இந்த உணவு நிறுத்தப்படுகிறது, அதற்கு ஈடாக என்ன கொடுக்கப்படும், எந்த நாளில் மறுபரிசீலனை செய்யப்படும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை பெறாமல் குழந்தையின் தட்டிலிருந்து எதையும் எடுக்காதீர்கள்.