ஐபி யாரைக் காட்டும்?

ஏப்ரல் 1, 2026. சில்லறை முதலீட்டாளர்களின் ஆல்கோ (நிரல்வழி) வர்த்தகத்துக்கு, பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2025 பிப்ரவரி 4ஆம் தேதி சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிகள் எல்லாத் தரகர்களையும் கட்டுப்படுத்தும் என்று குறிக்கப்பட்ட நாள். ஆகஸ்ட், அக்டோபர் எனத் தள்ளித் தள்ளி வந்த கெடு இது. பெங்களூரு குவான்ட் நிறுவனங்களில் சீனியர் டெவலப்பராக இருக்கும் வாசகர்கள், வீட்டில் சொந்தக் காசில் ஓட்டும் பைத்தான் நிரல் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

நொடிக்கு 10 ஆர்டருக்குள் இருந்தால் உத்தியைப் பங்குச்சந்தையில் பதிய வேண்டாம். பொதுவான ஓர் ஆல்கோ எண் ஒட்டப்படும். ஆனால் தரகரிடம் முன்கூட்டியே பதிந்த நிலையான ஐபியிலிருந்துதான் ஆர்டர் போக வேண்டும். பெல்லந்தூர் வீட்டில் மின்சாரம் போய் வந்தால் ரூட்டரின் ஐபி மாறிவிடக்கூடும், 9.15க்குச் சந்தை திறந்ததும் ஆர்டர்கள் வரிசையாகத் திரும்பும். அதற்காகவே கிளவுட் சர்வரை வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு உறுத்துவது இங்கேதான். சுற்றறிக்கையின் தலைப்பு 'பாதுகாப்பான பங்கேற்பு' என்கிறது. ஐபி எந்த இயந்திரம் ஆர்டர் அனுப்பியது என்று காட்டும். உத்தி யாருடையது என்று காட்டாது. உத்தியை மறைத்து விற்கும் 'கறுப்புப் பெட்டி'க்காரர் செபியிடம் ஆய்வாளராகப் பதிய வேண்டும் என்பது விதி. அவரே நிரலை டெலிகிராமில் விற்று, வாங்கியவர்கள் தத்தம் சர்வரில் நொடிக்கு 3 ஆர்டராக ஓட்டினால்? தரகருக்கு எல்லோரும் சொந்தமாக எழுதியவர்களாகவே தெரிவார்கள். செலவும் அலைச்சலும் உண்மையிலேயே எழுதியவர் தலையில்.

எதிலிருந்து பாதுகாப்பு என்றும் கேட்க வேண்டும். 2024 செப்டம்பரில் வந்த செபியின் ஆய்வுப்படி, மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ எனப்படும் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2023-24இல் சொந்தக் கணக்கில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்களின் லாபத்தில் 96 சதவீதமும், வெளிநாட்டு முதலீட்டாளர்களின் லாபத்தில் 97 சதவீதமும் ஆல்கோ வழியே வந்தவை. எதிரே நிற்பது, பகலில் நீங்களே நிரல் எழுதித்தரும் நிறுவனத்தைப் போன்ற ஒன்றின் இயந்திரம். அதனிடமிருந்து நிலையான ஐபி யாரையும் காப்பாற்றாது.

மற்ற கேள்விகள்:

அம்மாவின் கணக்கில் ஓட்டலாமா? உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோர் என்றால், ஓட்டலாம்.

பதிந்த ஐபியை மாற்றலாமா? வாரத்துக்கு ஒருமுறை.

செயலியில் கையால் வாங்கி விற்பவருக்கு? இந்த விதிகளால் எதுவும் மாறாது.

குவான்ட் நிறுவன ஊழியர் ஓட்டலாமா? இந்தச் சுற்றறிக்கை தடுக்கவில்லை. உங்கள் வேலை ஒப்பந்தம் தடுக்கலாம், எழுத்தில் முன் அனுமதி வாங்குங்கள்.