பல் வைத்தியரின் கதிரையில் முதல் நாள்

யாழ்ப்பாணத்து வீடுகளிலே குழந்தைக்கு முதற் பல் முளைத்துவிட்டால் அது ஒரு சிறு திருவிழா. அரிசி மாவிலே கொழுக்கட்டை பிடித்து, தேங்காயைப் பல்லுப் போலச் சிறு சொட்டுக்களாக வெட்டி அவற்றிற் பதித்து அவித்து, குழந்தையை நடுவில் இருத்தித் தலையை வெள்ளைத் துணியால் மூடி, அதன் மேல் அக் கொழுக்கட்டைகளைச் சொரிவார்கள். முன்னே புத்தகமும் பேனாவும் பொன்னும் காசும் பரப்பி வைத்துக் குழந்தை எதனை எடுக்கின்றது என்று பார்ப்பார்கள். எம் மூத்த மகன் பேனாவை எடுத்தான். எடுத்த கையோடு அதனை வாயில் வைத்தான். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவ்வாயினுள்ளே தோன்றிய இரண்டு வெள்ளரிசிகளை அன்று எத்தனையோ பேர் குனிந்து குனிந்து பார்த்தனர். அதன் பின் ஏறக்குறைய எட்டாண்டு காலம் அந்த வாயை ஒருவரும் கவனமாகப் பார்க்கவில்லை. நாம் இங்கு எழுத முற்பட்டதற்குக் காரணம் அதுவே.

நாம் கல்லூரியிலே உயிரியல் கற்பித்து வருகின்றோம். வெட்டும்பல் இரண்டு, வேட்டைப்பல் ஒன்று, முன்கடைவாய்ப்பல் இரண்டு, கடைவாய்ப்பல் மூன்று எனத் தாடையின் ஒவ்வொரு பாதிக்கும் எட்டாக, மொத்தம் 32 என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகின்றோம். பாற்பற்கள் 20 என்பதையும், அவை ஆறாம் மாத அளவில் முளைக்கத் தொடங்கி இரண்டரை மூன்று வயதுக்குள் நிறைந்துவிடும் என்பதையும் மாணவர்க்குச் சொல்லி, அவர்கள் அதைத் திருப்பிச் சொல்லக் கேட்டு மகிழ்கின்றோம். இவ்வளவு தெரிந்த நாம் எம் சொந்த மகனின் வாயைத் திறந்து பார்த்தோமில்லை. வெளிச்சம் விளக்கின் அடியில் விழுவதில்லை அன்றோ?

அவனுக்கு எட்டு வயதாகும்போது ஒரு நாளிரவு கீழ்க் கொடுப்பிலே வலி எடுத்தது. அம்மம்மா கராம்பை நசுக்கி வைத்தார். விடியும்போது கன்னம் வீங்கியிருந்தது. "விழுகிற பல்லுத்தானே, பிடுங்கிவிட்டாற் போச்சு" என்றார் அயலவர் ஒருவர். நாமும் அப்படியே எண்ணினோம். எங்கே போகின்றோம் என்று பிள்ளை கேட்டான். "ஐஸ்கிறீம் வாங்கப் போகின்றோம்" என்றோம். வைத்தியசாலை வாசலிலே அவன் எம் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் எம் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. உள்ளே சென்றதும், "ஒன்றும் வலிக்காது ராசா" என்று இரண்டாம் பொய்யையும் சொன்னோம். ஊசியைக் கண்டு அவன் திமிறினான். கையை நாம் பிடித்துக்கொண்டோம். பல் வந்தது. அதைப் பஞ்சில் வைத்துக் காட்டிய பல் வைத்திய அம்மையார், "மாஸ்டர், இது பாற்பல் அன்று, இனி இது முளைக்காது" என்றார்.

இந்த இடத்திற் சற்று நின்று விளக்க வேண்டும்; எம்மைப் போல் ஏமாந்த பெற்றோர் பலர் உளர். ஆறு வயதளவில், பாற்பற்களின் வரிசை முடிகின்ற இடத்துக்குப் பின்னாலே, ஒவ்வொரு பக்கத்திலும் மேலும் கீழுமாக ஒவ்வொரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கின்றது. அது எந்தப் பல்லும் விழுந்த இடத்தில் முளைப்பதன்று. ஆதலின் கூரையின் மேல் எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்கும் சடங்கும் அதற்கு இல்லை. வந்த செய்தி வீட்டிலே ஒருவருக்கும் தெரிவதில்லை. வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய அந்த நிலைத்த பல்லைப் பாற்பல் என்று கருதிக் கைவிட்டுவிடுகின்றோம். அதன் மேற்புறத்திலே ஆழமான பள்ளங்களும் பிளவுகளும் உண்டு. தூரிகையின் மயிர் எட்டாத அப்பிளவுகளிலேயே சூத்தை பெரும்பாலும் தொடங்கும். பல் முளைத்த புதிதிற் காட்டினால் பிளவுகளை அடைத்து மேலே பூச்சுப் பூசிவிடுவார்கள்; அதற்கு ஊசியும் இல்லை, நோவும் இல்லை. நாமோ இரண்டாண்டு பிந்திவிட்டோம்.

பல் போனது ஒருபுறமிருக்க, அதனினும் பெரிதாக ஒன்று போயிற்று. திரும்பி வரும் வழியிலே ஐஸ்கிறீம் கடையின் முன் நின்றோம், வேண்டாமென்று தலையசைத்தான். மறுநாட் காலையிலே புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எம்மைக் கேளாமல், தாயிடம் போய், "அப்பா இப்போது பள்ளிக்கூடத்துக்குத்தானே கூட்டிப் போகின்றார்?" என்று கேட்டான்.

அன்று வைத்திய அம்மையார் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. வீட்டிலே வேறு குழந்தைகள் உண்டோ என்று மட்டும் கேட்டார். மூன்று வயதில் மகள் இருக்கின்றாள் என்றோம். "பல் நோகாத ஒரு நாளிலே கூட்டி வாருங்கள், வந்து கதிரையில் ஏறி இறங்கிப் போகட்டும்" என்றார். முதல் வயது நிறையும் முன்னரே, அல்லது முதற் பல் முளைத்து ஆறு மாதத்துக்குள், குழந்தையை ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்பது இன்று குழந்தைகளின் பல் வைத்தியர்கள் கூறும் விதி. அவ்வளவு சிறு குழந்தையைக் கதிரையில் ஏற்ற வேண்டியதுமில்லை. தாயும் வைத்தியரும் முழங்காலோடு முழங்கால் முட்ட எதிரெதிராக இருப்பார்கள். குழந்தை தாயின் முகத்தைப் பார்த்தபடி மல்லாந்து கிடக்க, தலை வைத்தியரின் மடியில் இருக்கும். இரண்டொரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அழுதாலுங் குற்றமில்லை, அழும் வாய் திறந்த வாய் அல்லவா?

மகளை ஆயத்தஞ் செய்யப் புகுந்தபோதுதான், ஆயத்தஞ் செய்ய வேண்டியவள் அவள் அல்லள், வீட்டிலுள்ள பெரியவர்களாகிய நாமே என்பது தெரிந்தது. அம்மம்மா நல்லவர். ஆயினும் பிள்ளை சோறுண்ண மறுத்தால், "டொக்டரிட்டைக் கொண்டுபோய் ஊசி போடுவிப்பன்" என்பது அவர் வாயிற் பழகிப்போன சொல். வைத்தியரைப் பூச்சாண்டியாக்கி வைத்துவிட்டுப் பின்பு அப்பூச்சாண்டியிடமே வாயைத் திறந்து காட்டு என்றால் எந்தக் குழந்தை திறக்கும்? அவருடன் பேசுவது எளிதாக இருக்கவில்லை, மாமியாரல்லவா? இல்லாள்தான் பக்குவமாகச் சொல்லி நிறுத்தினாள். தாம் பிள்ளைப் பருவத்திற் பல் பிடுங்குவித்த கதையை, இரத்தம் வந்த அளவு உட்பட, உணவு வேளையிலே சொல்லும் வழக்கம் எமக்கும் இருந்தது. அதனையும் விட்டோம்.

வைத்திய அம்மையார் எமக்குச் சொன்ன புத்திமதிகளுள் முதலாவது, "வலிக்காது" என்ற சொல்லையே எடுக்க வேண்டாம் என்பது. வலியைப் பற்றி நினையாதிருந்த குழந்தைக்கு அந்தச் சொல்லே வலியை நினைப்பூட்டிவிடும். ஊசி, பிடுங்குதல், துளைத்தல் என்பனவும் அப்படியே. குழந்தை தானாக "நோகுமோ?" என்று கேட்டால், பொய் சொல்லவும் வேண்டாம், விரிவுரை ஆற்றவும் வேண்டாம். "இன்றைக்குப் பல்லை எண்ணிப் பார்ப்பார்கள். வேறு ஏதும் செய்வதென்றால் முதலில் உனக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்வார்கள்" என்பதே போதுமான மறுமொழி. அழாமலிருந்தால் டொபி வாங்கித் தருவேன் என்று கைக்கூலி பேசுவதும் ஆகாது. அழ வேண்டிய ஏதோ அங்கே காத்திருக்கின்றது என்பதைக் குழந்தை அதிலிருந்து அறிந்துகொள்ளும். பல்லைக் காக்கப் போகும் வழியிற் பல்லைக் கெடுப்பதைப் பரிசாகக் கொடுக்கும் வேடிக்கை வேறு!

வீட்டிலே ஒரு வாரம் விளையாட்டு நடந்தது. சாய்மனைக் கதிரையிலே மகள் படுப்பாள். நாம் தேக்கரண்டியையும் சிறு கண்ணாடியையும் கொண்டு அவள் பற்களை எண்ணுவோம். பின்பு முறை மாறும். நாம் படுக்க அவள் எண்ணுவாள். எமக்குப் பதினேழு பல் என்று ஒரு நாளும், நூறு பல் என்று மறுநாளும் கணக்கு வந்தது. கதிரை மேலும் கீழும் ஓடும், முகத்துக்கு நேரே பெரிய விளக்கு எரியும், வாயிலுள்ள நீரை உறிஞ்சும் குழாய் ஒன்று சத்தமிடும் என்றெல்லாம் முன்னரே சொல்லி வைத்தோம்.

எல்லாஞ் சரியாக நடக்கும்போது, இடையூறு நினையாத இடத்திலிருந்து வந்தது. ஒரு மாலை, மகன் தங்கையிடம், "எனக்கு நொந்தது. அப்பா நோகாது என்று சொன்னவர். அப்பா பொய் சொன்னவர்" என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தான். வாயை மூடு என்று அதட்டவே முதலில் நா எழுந்தது. அவன் சொன்னதிற் பிழை என்ன? ஓர் ஆசிரியன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எம் ஊர் வழக்கத்தில் இல்லாத காரியம். தந்தை கேட்பது அதனினும் இல்லை. ஆயினும் அருகே சென்றிருந்து, "தம்பி, நாம் சொன்னது பொய்தான். பயத்தினாற் சொன்னோம். இனிச் சொல்லமாட்டோம்" என்றோம். அவன் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரங் கழித்து, "தங்கச்சியோடு நானும் வரட்டோ?" என்று கேட்டான்.

காலை வேளையைத் தெரிந்துகொண்டோம். பசியும் நித்திரையும் குழந்தையின் பொறுமையைக் கெடுப்பன. பிற்பகலிற் கூட்டிச் சென்றால் இரண்டும் சேர்ந்து வரும். உள்ளே சென்றதும் அம்மையார் எம்மைப் பார்த்துப் பேசவில்லை. மகளைப் பார்த்தே பேசினார். பேசாமல் ஓரமாக இருக்க எமக்குக் கட்டளை. ஒரே நேரத்தில் மூவர் 'வாயைத் திற' என்றால் குழந்தை யாருக்குத் திறக்கும்? கண்ணாடியை முதலில் இன்னதென்று சொன்னார். அதனால் அவள் விரல் நகத்தைத் தொட்டுக் காட்டினார். அதன் பிறகே வாயினுள் வைத்தார். சொல்லி, காட்டி, பின்பு செய்யும் இம்முறையை 1959 ஆம் ஆண்டில் அடெல்ஸ்ரன் என்னும் அமெரிக்கப் பல் வைத்தியர் வகுத்து எழுதினார் என்று பின்னர் படித்தோம். இடக்கையை உயர்த்தினால் உடனே நிறுத்திவிடுவேன் என்றும் அம்மையார் வாக்களித்தார். மகள் சோதித்துப் பார்ப்பதற்காகவே இரண்டு முறை கையை உயர்த்தினாள். இரண்டு முறையும் அவர் நிறுத்தினார். இருபது பல்லும் எண்ணப்பட்டன. மேல் முன்பற்களிலே முரசோரமாகச் சுண்ணாம்பு போன்ற வெண்கோடு இரண்டு இருந்தன. அவை சூத்தையின் தொடக்கமென்றும், அந்த நிலையிற் கண்டுகொண்டால் மேலும் பரவாமல் தடுக்கலாமென்றும் சொன்னார்.

எதனால் வந்தது? இரவிற் பாற்போத்தலை வாயில் வைத்தபடி அவள் உறங்கியது ஒரு காரணம். மற்றையது, அம்மம்மா தேநீர் அருந்தும்போதெல்லாம் கடித்துக் குடிக்கும் பனங்கட்டியில் ஒரு துண்டு இவளுக்கும் கிடைத்துவந்தமை. பனங்கட்டி எம் மண்ணின் பண்டம். அதனைப் பழிக்க எமக்கு மனமில்லை. ஆயினும் வாயிலுள்ள கிருமிகளுக்குப் பனங்கட்டியும் வெள்ளைச் சீனியும் ஒன்றுதான். இரண்டையும் அமிலமாக்கிப் பல்லின் மிளிரியைக் கரைக்கும். உண்ட அளவைக் காட்டிலும், எத்தனை தடவை உண்டோம் என்பதே பெரிது. உணவோடு ஒருமுறை உண்ட இனிப்பின் அமிலத்தை உமிழ்நீர் மெல்ல மெல்லத் தணித்துவிடும். நாள் முழுதும் சிறிது சிறிதாகச் சுவைத்தால் உமிழ்நீருக்கு ஓய்வில்லை.

துலக்கும் முறையையும் கேட்டறிந்தோம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் புளோரைட்டுப் பற்பசை ஓர் அரிசிமணி அளவு. அதன் மேல் ஒரு பட்டாணி அளவு. விளம்பரங்களிலே தூரிகை நிறையப் பாம்பு போல நெளிந்து கிடக்கும் பசை கண்ணுக்கு அழகேயன்றிப் பிள்ளைக்கு ஆகாது. ஏழெட்டு வயது வரை இரவிற் பெரியவர் ஒருவரே துலக்கிவிட வேண்டும். அனுராதபுரம் முதலிய வட மத்திய பகுதிகளின் கிணற்று நீரிற் புளோரைட்டு மிகுதி. அதனாற் பற்களிற் பழுப்புத் திட்டு விழுவதுண்டு. அத்தகைய இடங்களில் வாழ்வோர் எந்தப் பசை ஏற்றதென்று வைத்தியரைக் கேட்டே வாங்குதல் நன்று.

செலவை நினைத்துப் பின்னிற்பவர்க்கும் ஒரு சொல். அரசாங்க வைத்தியசாலைகளிற் பற்சிகிச்சை இலவசம். பாடசாலைப் பிள்ளைகளுக்கெனத் தனிச் சிகிச்சை நிலையங்களும் உண்டு. 1921 இல் நியூசிலாந்து தொடங்கிய பாடசாலைப் பல் தாதியர் திட்டத்தைப் பின்பற்றி, அந்நாட்டின் உதவியோடு 1950களில் மகரகமையில் அமைந்த பயிற்சிப் பாடசாலையினால் இங்கும் அச்சேவை வேரூன்றியது. உங்கள் ஊரில் அந்நிலையம் எங்குள்ளது என்பதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் தெரிந்துகொள்ளலாம்.

அன்று மகள் கதிரையை விட்டு இறங்கியதும், கதவோரம் நின்ற மகனை அம்மையார் பார்த்தார்; வா என்று அழைக்கவில்லை. அவனும் நகரவில்லை. மூன்று மாதங் கழித்து மகளை மறுபடி காட்டச் சென்றபோதுதான், தானாக வந்து கதிரையின் விளிம்பிலே அமர்ந்து, "எண்ணிப் பார்க்க மட்டும்" என்றான். அவர் எண்ணிப் பார்க்க மட்டுமே செய்தார்.

இப்போது அவனுக்கு வயது பதினாறு. பல் போன இடத்துக்கு அடுத்த பல் சற்றே சாய்ந்து நிற்கின்றது. ஆறு மாதத்துக்கொருமுறை இருவரையும் கூட்டிச் செல்கின்றோம். ஒவ்வொரு முறையும் புறப்படும்போது, "இன்றைக்கு என்ன செய்வார்கள், அப்பா?" என்று கேட்பான். தெரிந்ததைச் சொல்லுவோம். தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிடுவாள். அவன் மட்டும் வாசலில் ஒரு கணம் நின்று, "உண்மையாகவோ?" என்பான்.