பாட்டுக்குள் எழுதப்படும் பெயர்கள்

பாடல் ஒன்றை எம்.பி.3 கோப்பாகக் கணினியிலோ கைப்பேசியிலோ சேமிக்கும்போது, ஒலியோடு சேர்த்து அதன் தலைப்பு, பாடியவர், இசையமைத்தவர், இடம்பெற்ற படம், வெளியான ஆண்டு ஆகியவற்றையும் அக்கோப்பின் உள்ளேயே எழுதிவைக்க இடமுண்டு. டேக் அல்லது குறிச்சொல் எனப்படும் இவ்விவரங்கள் கோப்பின் பெயரிலிருந்து வேறானவை. கோப்பின் பெயரை மாற்றினாலும், வேறொரு கருவிக்குப் படியெடுத்தாலும் இவை உடன் செல்கின்றன. பாடல் செயலிகள் பாடல்களைப் படவாரியாகவும் பாடகர்வாரியாகவும் அடுக்கிக் காட்டுவது பெரும்பாலும் இவற்றைப் படித்துத்தான் என்பதால், குறிச்சொல் பிழையானால் கையில் இருக்கும் பாடலும் இல்லாததைப் போலாகிவிடுகிறது.

1996-இல் எரிக் கெம்ப் என்பவர் வகுத்த ஐ.டி.3 என்னும் முறையில், எம்.பி.3 கோப்பின் கடைசியில் 128 பைட் மட்டுமே இதற்கு ஒதுக்கப்பட்டது. ஒரு பைட்டில் ஓர் ஆங்கில எழுத்து அடங்கும். தலைப்புக்கு 30, பாடியவருக்கு 30, தொகுப்பின் பெயருக்கு 30 என்று பிரித்துக் கொடுத்ததால், எம்.எஸ். சுப்புலட்சுமி, ராதா விஸ்வநாதன் ஆகிய இருவரின் பெயர்களையும் ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டாவது பெயர் பாதியில் அறுந்துபோகும். இசை வகையைக் குறிக்க ஓர் எண் மட்டுமே உண்டு. தொடக்கத்தில் தரப்பட்ட 80 வகைகளுள் ப்ளூஸ், ஜாஸ் ஆகியவை இருந்தன, கர்நாடக இசை இல்லை.

1998-இல் வந்த இரண்டாம் ஐ.டி.3 முறை இந்தக் குறுகிய இடத்தை விரித்தது. விவரங்கள் கோப்பின் தொடக்கத்துக்கு இடம்பெயர்ந்தன. ஒவ்வொரு விவரத்துக்கும் தனித்தனியே அமையும் இடமாகிய புலங்கள் பெருகி, இசையமைப்பாளர், பாடலாசிரியர் ஆகியோருக்கும் தனிப்புலம் கிடைத்தது. யூனிகோடு எழுத்துமுறை ஏற்கப்பட்டதால் தமிழிலேயே எழுதவும் வழி பிறந்தது. யூனிகோடு பரவுமுன் டிஸ்கி போன்ற பழைய குறியேற்றங்களில் தமிழில் எழுதப்பட்ட விவரங்கள் இன்றைய கருவிகளில் பொருளற்ற குறிகளாகத் தெரிவதால், அவற்றை மீண்டும் தட்டச்சு செய்யவோ குறியேற்றம் மாற்றவோ வேண்டியிருக்கும். ஒலித்தரம் குறையாமல் சேமிக்கும் ஃப்ளாக் வகைக் கோப்புகளில் இன்னும் தாராளம் உண்டு. புலத்தின் பெயரை ஆங்கில எழுத்துகளில் தர வேண்டும் என்பதைத் தவிர, ராகம், தாளம் என்று வேண்டிய புலத்தைச் சேர்ப்போரே உருவாக்கிக்கொள்ளலாம்.

இடம் கிடைத்ததோடு சிக்கல் தீர்ந்துவிடவில்லை. ஒரு பாடகர் அல்லது குழு, அவர்கள் வெளியிட்ட ஒரு தொகுப்பு என்னும் மேலை வழக்கத்தை ஒட்டியே இப்புலங்கள் அமைந்திருக்க, தமிழ்த் திரைப்பாடலோ படத்தின் பெயராலும் இசையமைப்பாளர் பெயராலும் அறியப்படுவது. தொகுப்பு என்னும் புலத்தில் படத்தின் பெயரை எழுதுவது இயல்பே. ஆனால் ‘பில்லா’ என்று மட்டும் எழுதினால், எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்த 1980-ஆம் ஆண்டுப் படமும் யுவன் சங்கர் ராஜா இசையமைத்த 2007-ஆம் ஆண்டுப் படமும் ஒரே தொகுப்பாகக் கலந்துபோகக்கூடும். ‘மை நேம் இஸ் பில்லா’ இரண்டிலும் இருப்பதால் குழப்பம் இரட்டிக்கும். படப்பெயரை அடுத்து ஆண்டைச் சேர்ப்பதும், தொகுப்புக் கலைஞர் என்னும் தனிப்புலத்தில் இசையமைப்பாளர் பெயரை இட்டு, பாடியவர் புலத்தைப் பாடியவருக்கே விட்டுவைப்பதும் இதற்கு நல்ல தீர்வு. பாடியவர் இடத்தில் இசையமைப்பாளரை எழுதிவிடும் பரவலான பழக்கத்தால், எஸ். ஜானகியின் பாடல்களைத் தேடுபவருக்கு அவற்றுள் பல அகப்படுவதேயில்லை.

கர்நாடக இசையில் பிரிவு வேறு. ‘எந்தரோ மகானுபாவுலு’ தியாகராஜர் இயற்றியது, ஸ்ரீ ராகம், ஆதி தாளம் என்பவை எல்லாக் கச்சேரிகளுக்கும் பொது. பாடியவர், வயலின், மிருதங்கம், பதிவான ஆண்டு ஆகியவை அந்தந்தக் கச்சேரிக்கே உரியவை. இவை அனைத்தையும் தலைப்பிலேயே நெருக்கி எழுதாமல், இயற்றியவரை இசையமைப்பாளர் புலத்திலும் பக்கவாத்தியக்காரர்களை அவர்களுக்குரிய புலத்திலும் இடுவதே முறை. ஒலிப்பதிவு கைமாறும்போது முதலில் தொலைவது பக்கவாத்தியக்காரர்களின் பெயர் என்பதால், இதில் சோம்பலுக்கு இடந்தரலாகாது.

எழுத்துக்கூட்டலும் கவனத்துக்குரியது. எம்.எஸ். சுப்புலட்சுமி என்னும் பெயரை முதலெழுத்துகளுக்கிடையே புள்ளியோடும், புள்ளியின்றியும், ‘லட்சுமி’, ‘லக்ஷ்மி’ என இருவிதமாகவும் எழுதினால், செயலிக்கு அவர் நான்கு பாடகர்களாகத் தோன்றுவார். எந்த வடிவம் சரியானது என்று வாதிடுவதைவிட, ஒன்றைத் தேர்ந்து அதையே எங்கும் பின்பற்றுவது பயன்தரும். எம்.பி.3டேக், கிட்3 போன்ற மென்பொருள்கள் நூற்றுக்கணக்கான கோப்புகளில் ஒரே பெயரை ஒருசேரத் திருத்தித் தருகின்றன. பதிவிறக்கத் தளங்கள் தலைப்பிலும் பாடியவர் புலத்திலும் திணித்துவைக்கும் இணைய முகவரிகளையும் இவ்வாறே ஒரே மூச்சில் நீக்கலாம். பெருந்திருத்தத்துக்கு முன் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வைப்பது இன்றியமையாதது. ராபர்ட் கே 2000-இல் தொடங்கிய மியூசிக்பிரெய்ன்ஸ் என்னும் பொதுத் தரவுத்தளத்தின் பிக்கார்ட் மென்பொருள், பாடலின் ஒலியையே கைரேகை போல ஆராய்ந்து அடையாளம் காண்கிறது. எனினும் அங்குள்ள விவரங்களும் தன்னார்வலர்கள் எழுதியவையே என்பதால், இசைத்தட்டு உறை, ஒலிநாடாவின் அட்டை, படத்தின் தொடக்க எழுத்துகள், திரையரங்குகளில் விற்ற பாட்டுப் புத்தகம் ஆகியவற்றோடு ஒப்பிட்ட பிறகே ஏற்க வேண்டும். மறுவெளியீட்டுக் குறுந்தட்டின் ஆண்டைப் படத்தின் ஆண்டாக எழுதிவிடுவது இதில் அடிக்கடி நேரும் பிழை. உறுதியாகத் தெரியாத புலத்தை வெற்றிடமாக விடலாம். ஊகத்தால் நிரப்பிய பெயர் படிக்குப் படி பரவி, பிறகு பிடிக்க இயலாததாகிவிடும்.

பெரும்பாலான கோப்புகளில் வெறுமையாகவே கிடப்பது பாடலாசிரியர் புலம். இதைப் படம் முழுவதற்கும் ஒரே பெயரிட்டு நிரப்பவும் இயலாது. 1980-இல் இளையராஜா இசையில் வந்த ‘நிழல்கள்’ படத்தில் ‘இது ஒரு பொன்மாலைப் பொழுது’ வைரமுத்து எழுதியது, ‘மடை திறந்து’ வாலி எழுதியது, இரண்டையும் பாடியவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம், ‘பூங்கதவே’ கங்கை அமரன் எழுதியது. பாடல் பாடலாகச் சரிபார்த்து இப்புலத்தை நிரப்பி முடித்த தொகுப்பில் வாலி என்று தேடினால், எம்.எஸ். விஸ்வநாதன், இளையராஜா, ஏ.ஆர். ரஹ்மான் ஆகியோருக்கு அவர் எழுதிய பாடல்கள் ஆண்டு வரிசையில் ஒரே பட்டியலாக வந்து நிற்கும்.