மூன்று சக்கரமாகும் கோல்டு விங்: ஷாஃப்ட் ஏன் பழுதாகிறது?

நெடுந்தூரப் பயணத்துக்கென்று ஹோண்டா நிறுவனம் 1975 மாடலாக வெளியிட்ட கோல்டு விங் மோட்டார் சைக்கிளில், எஞ்சினின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு செல்லும் வேலை செயினிடம் அல்லாமல் சுழலும் எஃகுத் தண்டு ஒன்றிடம், அதாவது டிரைவ் ஷாஃப்ட்டிடம், ஒப்படைக்கப்பட்டிருந்தது. அடிக்கடி இறுக்க வேண்டியதில்லை, ஆயில் விட வேண்டியதில்லை, பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் தொல்லை தராது என்ற நற்பெயரை அந்த ஷாஃப்ட் ஈட்டியது. ஆனால் அதே வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அங்கே இரண்டு கார் சக்கரங்களையும் அவற்றுக்கு இடையே ஒரு டிஃபரன்ஷியலையும் பொருத்தி மூன்று சக்கர வண்டியாக மாற்றும்போது, பழைய நற்பெயரும் தானாகவே கூட வரும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை. ஏனெனில், மாற்றியமைத்த வண்டியில் ஷாஃப்ட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் எஃகின் வலிமையைவிட, அது எந்தக் கோணத்தில் பொருத்தப்பட்டது, எப்போது கடைசியாக மசகு கண்டது என்ற இரண்டு கேள்விகளுக்கான விடையே ஆகும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் டிரைக் என்று அழைக்கப்படும் இவ்வண்டிகளை நாடுவோரில் பலர் வயதானவர்கள். 2001-ல் வந்த கோல்டு விங் ஜிஎல் 1800 மாடல் பெட்ரோலோடு சேர்த்து 400 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. சிக்னலில் நிற்கும்போது அதைக் கால் ஊன்றித் தாங்குவது முழங்கால் தேய்ந்தவர்களுக்கும், கால் இழந்தவர்களுக்கும், நோயிலிருந்து மீண்டு சமநிலை குன்றியவர்களுக்கும் இயலாத காரியம். கனடாவின் ஆல்பர்ட்டாவில் தொடங்கிப் பின்னர் அமெரிக்காவின் ஸ்பியர்ஃபிஷ் நகருக்குப் பெயர்ந்த லெமன் டிரைக்ஸ், கலிஃபோர்னியா சைடுகார், மோட்டார் டிரைக், சாம்பியன் முதலிய நிறுவனங்கள் இவர்களுக்காகவே மாற்றுத் தொகுப்புகளைத் தயாரித்து விற்றன. ஆகவே இதை வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்குச் சிக்கல் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. 500 கிலோவைத் தாண்டிய டிரைக் ஒன்று நெடுஞ்சாலையில் ஷாஃப்ட் உடைந்து நிற்குமானால், அதைத் தள்ளி ஓரம் கட்டும் உடல்வலு இல்லாத ஒருவரே பெரும்பாலும் அதன்மேல் அமர்ந்திருப்பார்.

சிக்கலின் வேர் யூனிவர்சல் ஜாயின்ட் எனப்படும் இணைப்பில் இருக்கிறது. இரண்டு கவைகளும், அவற்றைக் குறுக்காக இணைக்கும் கிராஸ் என்ற கூட்டல்குறி வடிவத் துண்டும், அத்துண்டின் நான்கு முனைகளிலும் ஊசி பேரிங் அடங்கிய கிண்ணங்களும் சேர்ந்ததே இந்த இணைப்பு. ஒரே நேர்கோட்டில் இல்லாத இரு தண்டுகளிடையே சுழற்சியைக் கடத்துவது இதன் வேலை. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயராலும், 17-ஆம் நூற்றாண்டில் இதன் இயக்கத்தை ஆராய்ந்த ஆங்கிலேய அறிஞர் ராபர்ட் ஹூக்கின் பெயராலும் வழங்கிவரும் இந்த இணைப்புக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு: உள்ளே வரும் தண்டு சீரான வேகத்தில் சுற்றினாலும், கோணத்தில் அமைந்த வெளித்தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தயங்கும். இந்த ஏற்ற இறக்கம் 5 பாகைக் கோணத்தில் அரை சதவீதத்துக்கும் குறைவு. 10 பாகையில் அது இரு பக்கமும் சுமார் ஒன்றரை சதவீதமாகவும், 20 பாகையில் சுமார் 6 சதவீதமாகவும் உயர்கிறது. கோணம் இரட்டித்தால் தடுமாற்றம் ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதைக் கருதினால், மாற்றியமைக்கும் பட்டறையில் டிஃபரன்ஷியலை ஒரு விரற்கடை உயர்த்தியோ தாழ்த்தியோ பொருத்திவிடுவது எத்துணைப் பெரிய பிழை என்பது விளங்கும்.

இரு சக்கரக் கோல்டு விங்கில் இணைப்பு ஒன்றுதான் இருக்கும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் எந்த அச்சில் மேலும் கீழும் அசைகிறதோ, அந்த அச்சுக்கு நேராகவே அதையும் வடிவமைப்பாளர்கள் வைத்திருப்பார்கள். கோணம் சிறியதாகையால் தடுமாற்றமும் சிறிது. டிரைக்கிலோ டிஃபரன்ஷியலின் இடம் தொகுப்புக்குத் தொகுப்பு வேறுபடுவதால், இரண்டாவது இணைப்பு ஒன்று தேவைப்படுவதுண்டு. இரண்டு இணைப்புகள் இருக்கும்போது முதலாவது உண்டாக்கும் தடுமாற்றத்தை இரண்டாவது துடைத்துவிட முடியும். ஆனால் அதற்கு இரு முனைக் கோணங்களும் சமமாக இருக்க வேண்டும், நடுத்தண்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் அமைந்திருக்கவும் வேண்டும். பிஎம்டபிள்யூ நிறுவனம் 1987-ல் ஆர் 100 ஜிஎஸ் வண்டியில் கொண்டுவந்த பாராலீவர் அமைப்பிலும் இரண்டு இணைப்புகள் உள்ளன. ஆனால் அங்கே கோணங்களைக் கணக்கிட்டவர்கள் வண்டியைப் படைத்த அதே பொறியாளர்கள். டிரைக்கில் அந்தக் கணக்கு, எஞ்சினை வடிவமைத்தவர் ஒருவர், பின்பாகத்தை வடிவமைத்தவர் இன்னொருவர், இரண்டையும் போல்ட் போட்டு இணைத்தவர் மூன்றாமவர் என்று சிதறிக் கிடக்கிறது. ஷாஃப்ட்டைக் கழற்றிய மெக்கானிக் ஸ்ப்லைனில், அதாவது ஒன்றினுள் ஒன்று செருகிக்கொள்ளும் நீளவாட்டுப் பற்களில், ஓரிரு பல் தள்ளி மீண்டும் மாட்டிவிட்டாலே கவைகளின் தளம் மாறிப்போய், துடைக்கப்பட வேண்டிய தடுமாற்றம் கூடிவிடும். கழற்றுமுன் சுண்ணக்கட்டியாலோ பெயின்டாலோ இரு பக்கமும் ஒரு கோடு இழுத்து வைப்பது இந்தத் தொல்லையைத் தவிர்க்கும்.

பின்பாகத் தொகுப்புகளில் இரு வகை உண்டு. இரு சக்கரங்களையும் ஒரே இறுகிய அச்சுக்குழாய் இணைக்கும் வகையில், சக்கரங்களோடு டிஃபரன்ஷியலும் மேலும் கீழும் ஆடுவதால் ஷாஃப்ட்டின் கோணம் ஓட்டத்தின்போது மாறிக்கொண்டே இருக்கும்; ஊசலாடும் மையமும் இணைப்பின் மையமும் பொருந்தாவிட்டால் ஷாஃப்ட்டின் நீளமும் சிறிது நீண்டு குறுக வேண்டியிருக்கும், அதற்கு ஸ்ப்லைன் வழுக்கிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஆடும் வகையில் டிஃபரன்ஷியல் சட்டத்தோடு நிலையாகப் பிணைக்கப்பட்டிருக்கும். அங்கே கோணம் மாறுவதில்லை. இரண்டாவது வகையே ஷாஃப்ட்டுக்கு உகந்தது என்பது வெளிப்படை. எனினும் அதிலும் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது: இணைப்பை முழு நேர்கோட்டில், சுழியம் பாகையில் வைத்தால் ஊசிகள் கிண்ணத்துக்குள் உருளாமல் ஒரே இடத்தில் நின்று அதிர்ந்து, கிராஸின் மேற்பரப்பில் வரிவரியாகப் பள்ளம் பதித்துவிடும். அரை பாகை முதல் ஒரு பாகை வரையிலான சிறு கோணமாவது இருந்தால்தான் ஊசிகள் உருண்டு, கிரீஸையும் தம்மோடு இழுத்துச் செல்லும்.

மாற்றத்தால் கூடும் சுமையையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். ஜிஎல் 1800-இன் 1832 சிசி எஞ்சின் சுமார் 167 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரக்கூடியது. முதல் கியரில் அது பன்மடங்காகிப் பின்னரே ஷாஃப்ட்டை அடைகிறது. மோட்டார் சைக்கிளில் திராட்டிலைச் சட்டென்று திருகினால், ஒற்றைப் பின்டயர் சற்றே வழுக்கி அதிர்ச்சியின் ஒரு பங்கைத் தானே செலவழித்துவிடும். தட்டையான இரு கார் டயர்களின் பிடியில் அந்த வழுக்கலுக்கு இடம் குறைவு. மேலும், ஜிஎல் 1500 வரையிலான கோல்டு விங்குகளின் பின்சக்கர நடுவத்தில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் கட்டைகள் இருந்தன. சக்கரத்தைக் கழற்றும்போது அவையும் போய்விடுகின்றன. தொகுப்பைத் தயாரித்தவர் அவற்றுக்கு ஈடாக எதையும் வைக்காத நிலையில், ஒவ்வொரு கியர் மாற்றத்தின் அடியும் நேராகக் கிராஸிலும் ஸ்ப்லைனிலும் போய் விழுகிறது.

ஆயினும் சுமையைக் காட்டிலும் மறதியே அதிக ஷாஃப்ட்டுகளைத் தின்றிருக்கும் என்று கருத வலுவான காரணம் உண்டு. ஸ்ப்லைன் பற்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத அளவில் உராய்வு ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். அங்கு சாதாரண கிரீஸ் தங்காது, சுழற்சியில் வெளியே எறியப்பட்டுவிடும். ஆகவே அந்த இடத்துக்கென்றே மாலிப்டினம் டைசல்ஃபைடு மிகுந்த பசையை ஹோண்டா பரிந்துரைக்கிறது. பசை வறண்டால் இரும்புத் துகள் உதிர்ந்து துருவாகி, செங்கல் நிறத்துப் பொடியாக மாறும். அந்தப் பொடியே தேய்ப்புத்தூளாகச் செயல்பட்டு மிச்சப் பற்களை அரைக்கும். ஜிஎல் 1500 வரையிலான இரு சக்கர வண்டியில் பின்டயர் தேய்ந்து சக்கரத்தைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் ஸ்ப்லைன் வெளியே தெரியும். துடைத்துப் பசை தடவுவது டயர் மாற்றும் வேலையின் ஒரு பகுதியாகவே நடந்துவிடும். டிரைக்கிலோ கார் டயர் நெடுங்காலம் உழைக்கிறது. அது தேய்ந்தாலும் நான்கைந்து நட்டுகளைக் கழற்றினால் சக்கரம் தனியே வந்துவிடும், ஸ்ப்லைனை யாரும் பார்க்கவே நேராது. வண்டியை வாங்கியவர் கைமாற்றி, அடுத்தவர் மேலும் பல ஆண்டுகள் ஓட்டி, மாற்றியமைத்த நாளில் தடவிய பசை ஒன்றையே நம்பி ஷாஃப்ட் சுழன்றுகொண்டிருக்கும் நிலை இப்படித்தான் உண்டாகிறது. பராமரிப்பு தேவையில்லை என்ற புகழுரையை நம்பியவர்களுக்கு இது பெரும் அநீதி. ஒவ்வொரு தொகுப்போடும் ஸ்ப்லைனைத் திறந்து பார்க்க வேண்டிய கால அளவை அச்சிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். அதே காலக்கெடுவில் முன்பக்க இணைப்பை மூடியிருக்கும் ரப்பர் உறையையும் பார்க்கலாம். அது கிழிந்தால் உள்ளே புகும் மழைநீர் ஊசி பேரிங்கைத் துருப்பிடிக்கச் செய்துவிடும்.

பழுது முற்றுவதற்கு முன் வண்டி பல அடையாளங்களைக் காட்டும். திராட்டிலை விட்டுப் பிடிக்கும்போது 'டக்' என்ற சத்தம், மெதுவாக உருளும்போது பறவை கீச்சிடுவது போன்ற ஒலி, குறிப்பிட்ட வேகத்தில் கால்வைக்கும் பலகையில் உணரப்படும் நடுக்கம் ஆகியன முக்கியமானவை. நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்பதை அதன் வேகமே சொல்லும். கியரை மாற்றி எஞ்சின் சுற்றை உயர்த்தியும் தாழ்த்தியும் பார்த்த பின்னரும் அதே சாலை வேகத்தில் நடுக்கம் நீடித்தால், எஞ்சினை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் உள்ளவற்றை ஆராயலாம். எடுத்துக்காட்டாக, சுற்றளவு 2.1 மீட்டர் உள்ள டயரும் 3-க்கு 1 விகித டிஃபரன்ஷியலும் இருப்பதாகக் கொண்டால், 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 13 முறையும் ஷாஃப்ட் சுமார் 40 முறையும் சுற்றும். டயரின் சமநிலைக் குறை நொடிக்கு 13 அதிர்வாகவும், ஷாஃப்ட்டின் சமநிலைக் குறை 40 ஆகவும், இணைப்பின் கோணப் பிசகு ஒரு சுற்றுக்கு இருமுறை என்பதால் 80-ஐ ஒட்டியும் தெரியும். முதலாவது உலுக்கலாகவும் கடைசியானது ரீங்காரமாகவும் உணரப்படுவதால், கருவி இல்லாமலே பயின்ற கை வேறுபாட்டைக் கண்டுகொள்ளும்.

பழுது பார்ப்பதில் முதல் தடை, மோட்டார் சைக்கிள் கிராஸ்கள் பெரும்பாலும் கழற்றி மாட்டும்படி செய்யப்படுவதில்லை என்பது. லாரியின் புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் கிண்ணங்களைச் சர்கிளிப் என்ற வளையம் பிடித்திருக்கும். அதைக் கழற்றிப் புதுக் கிராஸ் போடுவது நாமக்கல் பக்கத்துப் பட்டறைகளில் அன்றாட வேலை. மோட்டார் சைக்கிளிலோ கவையின் உலோகத்தையே அடித்து நசுக்கிக் கிண்ணத்தைப் பூட்டியிருப்பார்கள். கிராஸ் தேய்ந்தால் முழு இணைப்பையும் வாங்க வேண்டும் என்பதே தயாரிப்பாளரின் ஏற்பாடு. நசுக்கிய உலோகத்தை அரைத்தெடுத்து, கிண்ணத்தின் விட்டத்தையும் எதிரெதிர்க் கிண்ணங்களுக்கிடையேயான நீளத்தையும் வெர்னியரால் அளந்து, பொருந்தும் கிராஸைப் பிரஸ்ஸில் ஏற்றி மீண்டும் பூட்டித் தரும் லேத் வல்லுநர்கள் இருக்கிறார்கள். அந்த வேலையில் கிராஸ் சரிநடுவில் நிற்க வேண்டும். சற்றே ஒரு பக்கம் ஒதுங்கினாலும் ஷாஃப்ட் சமநிலை இழக்கும். நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ குழாயை வெட்டிப் பற்றவைத்த ஷாஃப்ட்டை, டயல் கேஜ் வைத்துச் சுழற்றி நெளிவு பார்த்து, சமநிலை எந்திரத்தில் எடை சரிசெய்த பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும். இதைச் செய்யாத பற்றவைப்பை மலிவு என்று ஏற்றுக்கொள்வது உயிரோடு விளையாடுவதாகும். உறையில்லாமல் ஓடும் ஷாஃப்ட்டின் முன்முனை கழன்றால், அது சுழன்று அடிப்பது ஓட்டுநரின் இருக்கைக்குக் கீழேதான்.

புது ஷாஃப்ட் போட்டும் சில மாதங்களில் மறுபடி அதே இணைப்பு தேய்ந்தால், குற்றம் ஷாஃப்ட்டில் இல்லை. மோட்டார் சைக்கிளின் சட்டத்தையும் புதிய பின்பாகத்தையும் சேர்க்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கலாம். டிரைக் வளைவுகளில் சாய்வதில்லை என்பதால், இரு சக்கர வண்டி அறியாத பக்கவாட்டு விசை அந்தச் சந்திப்பை ஒவ்வொரு திருப்பத்திலும் முறுக்குகிறது. போல்ட்டுகளைக் குறித்த அளவில் முடுக்கி, ஓட்டுநரும் பின்னிருப்பவரும் அமர்ந்த எடையோடு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் வெளித்தண்டு, ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் பினியன் ஆகிய மூன்றின் சாய்வையும் கோணமானியால் அளந்து எழுதி வைத்த பின்னரே பழுது தீர்ந்ததாகக் கொள்ள வேண்டும். கிராஸின் அளவும், டிஃபரன்ஷியல் எந்தக் காருடையது என்பதும், பசை தடவிய தேதியும் அதே தாளில் இடம்பெறுவது நல்லது. தொகுப்பைத் தயாரித்த நிறுவனம் கடையை மூடியிருந்தால் அடுத்த மெக்கானிக்குக் கிடைக்கும் ஒரே வழிகாட்டி அதுவாகவே இருக்கும். கூடவே பார்க்கிங் பிரேக்கையும் சோதித்துவிட வேண்டும். ஷாஃப்ட் துண்டான வண்டியைக் கியரில் விட்டாலும் சக்கரங்கள் கட்டுப்படாது; சரிவில் அதை நிறுத்திப் பிடிக்க அந்த பிரேக்கைத் தவிர வேறு எதுவும் இல்லை.