கதவை மூடினாலும் ரிமோட் வேலை செய்யும்

புது வீட்டு ஹாலில் டிவி சுவரோடு சுவராக மாட்டப்படுகிறது. அதன் கீழே ஆசாரி செய்து கொடுத்த அலமாரி. செட்-டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபையர், ப்ளூ-ரே பிளேயர் எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு ஒயர்கூட வெளியே தெரியவில்லை. ஆனால் அன்று மாலையே சிக்கல் ஆரம்பிக்கிறது. கதவை மூடினால் ரிமோட் வேலை செய்வதில்லை. சேனல் மாற்ற ஒவ்வொரு முறையும் யாராவது எழுந்துபோய்க் கதவைத் திறக்க வேண்டும். கொஞ்ச நாளில் அந்தக் கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது. ஆசாரி இழைத்துக் கொடுத்த அழகு வீணாகிறது.

இதற்குப் பெரிய செலவில்லாத தீர்வு பல ஆண்டுகளாகவே கடைகளில் இருக்கிறது. பெயர் ஐஆர் எக்ஸ்டெண்டர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கும். வாங்குகிறவர்களில் பலர் அதைச் சரியாகப் பொருத்தத் தெரியாமல், ‘சரக்கு மட்டம்’ என்று ஒதுக்கிவிடுவதுதான் வருத்தம்.

ரிமோட்டிலிருந்து வருவது ஒளி. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி; ஐஆர் என்பது அதன் ஆங்கிலச் சுருக்கம். அதன் அலைநீளம் பெரும்பாலும் 940 நானோமீட்டர். பட்டனை அழுத்தியதும் முனையில் இருக்கும் சிறு எல்இடி, வினாடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கிறது. அந்தத் துடிப்பை விட்டுவிட்டு அனுப்புவதில்தான் கட்டளை அடங்கியிருக்கிறது. மொபைலின் முன்பக்க கேமராவுக்கு நேராக ரிமோட்டைப் பிடித்து பட்டனை அழுத்தினால், பெரும்பாலான போன்களில் அந்த ஒளி வெளிர் ஊதாவாகத் தெரியும். ஒளி என்பதால் மரத்தையும் சுவரையும் அது தாண்டாது. நம் ரிமோட் பக்கத்து வீட்டு டிவியை மாற்றாமல் இருப்பதற்கும், மூடிய அலமாரிக்குள் பயன்படாமல் போவதற்கும் காரணம் அது ஒன்றுதான்.

ஒளியை நம்பிய முதல் ரிமோட்டுக்கே தொல்லை வந்தது. 1955-ல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனத்துக்காக யூஜின் பாலி உருவாக்கிய ‘ஃப்ளாஷ்-மேட்டிக்’, டார்ச் போல ஒளி வீசும் கருவி. டிவி திரையின் நான்கு மூலைகளில் இருந்த உணரிகளில் அந்த ஒளி படவேண்டும். வெயில் பட்டாலும் அவை வேலை செய்துவிடும் என்பது அதன் குறை. அடுத்த ஆண்டே அந்த நிறுவனத்தின் ராபர்ட் ஆட்லர், காதுக்குக் கேட்காத ஒலியில் இயங்கும் ‘ஸ்பேஸ் கமாண்ட்’ ரிமோட்டைக் கொண்டுவந்தார். 1980-களில் அகச்சிவப்பு அந்த இடத்தைப் பிடித்தது. துடிக்கும் ஒளியை மட்டும் பிரித்தறியும் வசதி வந்ததால் வெயிலின் தொல்லை பெருமளவு குறைந்தது. ஆனாலும் முழுதாக ஒழியவில்லை. எக்ஸ்டெண்டர் பொருத்தும்போது அதை நினைவில் வைக்க வேண்டும்.

எக்ஸ்டெண்டரில் மூன்று பாகங்கள். வெளியே தெரியும்படி வைக்கும் ‘கண்’, அதாவது ரிசீவர். அதிலிருந்து வரும் சிக்னலைப் பெருக்கிப் பிரித்துக் கொடுக்கும் சிறு பெட்டி. அந்தப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் போகும் எமிட்டர்கள். எமிட்டர் என்பது மெல்லிய ஒயரின் முனையில் இருக்கும் பட்டாணி அளவு எல்இடி. கண் வெளியே வாங்கியதை, எமிட்டர் உள்ளே திருப்பிச் சொல்கிறது. இரண்டுக்கும் பெரும்பாலும் 3.5 மி.மீ. ஜாக்தான் என்பதால் மாற்றிச் செருகிவிடுவது சகஜம். ஜாக்கைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்: பொதுவாக ரிசீவர் ஜாக்கில் கறுப்பு வளையம் இரண்டு, எமிட்டர் ஜாக்கில் ஒன்று.

பொருத்துவதில் பாதி வேலை எமிட்டரை ஒட்டும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான். செட்-டாப் பாக்ஸின் முன்பக்கக் கறுப்புப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் அதன் கண் ஒளிந்திருக்கும். டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரியாவிட்டால், எமிட்டரை முன்பக்கத்தில் மெல்ல நகர்த்திக்கொண்டே ரிமோட்டை அழுத்திப் பார்க்க வேண்டும். எங்கே வைத்தால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் தவறாமல் வேலை செய்கிறதோ, அதுதான் இடம். முதலில் சாதாரண டேப்பால் ஒட்டி ஓரிரு நாள் பார்த்துவிட்டு, அதன்பிறகே கூடவரும் பசையைப் பிரிக்க வேண்டும்.

கண்ணை ஜன்னலுக்கு எதிரே வைக்கக் கூடாது. சிஎஃப்எல் விளக்குகளும் சில டிவி திரைகளும்கூட அதைக் குழப்பும். சோதிப்பது எளிது. எமிட்டரிலோ பெட்டியிலோ சிவப்பு விளக்கு இருந்தால், யாரும் ரிமோட்டைத் தொடாதபோது அது மினுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். மினுக்கினால், கண்ணைக் கையால் மூடிப் பார்க்கலாம். மூடியதும் நின்றால் வெளிச்சத்தின் வேலை. கண்ணை வேறு இடத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும். எமிட்டரின் ஒளி கசிந்து மறுபடி கண்ணில் விழுந்தாலும் சிக்னல் சுற்றிச்சுற்றி வந்து கோளாறு செய்யும். எமிட்டர் மேல் கறுப்பு டேப் ஒட்டினால் போதும்.

மின்சாரத்திலும் ஒரு கண்ணி உண்டு. சில எக்ஸ்டெண்டர்கள் யுஎஸ்பியில் இயங்குபவை. அவற்றை டிவியின் யுஎஸ்பி துளையில் செருகினால், பல டிவிகளில் டிவி அணைந்ததும் எக்ஸ்டெண்டரும் அணைந்துவிடும். பிறகு செட்-டாப் பாக்ஸை ரிமோட்டால் எழுப்ப முடியாது. தனி அடாப்டரே நல்லது.

ஒரே செட்-டாப் பாக்ஸை ஹாலிலும் படுக்கையறையிலும் பார்க்கும் வீடுகள் நிறைய. எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் போட்டுப் படத்தைக் கொண்டுபோய்விடுகிறார்கள். சேனல் மாற்ற ஹாலுக்கு ஓடவேண்டியிருக்கிறது. இங்கே ஐஆர் வசதியுள்ள எச்டிஎம்ஐ எக்ஸ்டெண்டர் உதவும். கேட்-6 நெட்வொர்க் ஒயர் ஒன்றிலேயே படம் ஒரு பக்கம் போக, ரிமோட் சிக்னல் எதிர்ப்பக்கம் திரும்பி வரும். எச்டிபேஸ்டி தரத்தில் 100 மீட்டர் வரை இது சாத்தியம். கண் படுக்கையறை டிவி பக்கம், எமிட்டர் ஹாலில் பாக்ஸ் பக்கம். இதைத் தலைகீழாக மாட்டிவிட்டு இரண்டு நாள் திண்டாடுபவர்கள் உண்டு.

வாங்கும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்வது அவசியம். எல்லா ரிமோட்டும் அகச்சிவப்பு அல்ல. ஃபயர் டிவி ஸ்டிக் போன்றவை கட்டளையை ப்ளூடூத்தில் அனுப்புகின்றன. அவற்றுக்கு எக்ஸ்டெண்டர் தேவையும் இல்லை, பயனும் இல்லை. பேங் அண்ட் ஓலஃப்சன் கருவிகள் 455 கிலோஹெர்ட்ஸில் இயங்குபவை. சாதாரண எக்ஸ்டெண்டருக்கு அவை பிடிபடாது. கருவிகள் எல்லாம் எச்டிஎம்ஐயில் இணைந்த புதியவை என்றால், டிவி செட்டிங்ஸில் சிஇசி வசதியை இயக்கிப் பார்க்கலாம். ஒரே ரிமோட்டில் ஒலியளவும் ஆன்-ஆஃப்பும் வந்துவிடும், காசு மிச்சம்.

வைஃபையில் இயங்கும் ஐஆர் கருவிகளும் இருக்கின்றன. மொபைல் ஆப்பிலிருந்து கட்டளை போகும். இளையவர்களுக்கு அது பிடிக்கலாம். ஆனால் எழுபது வயதுப் பாட்டிக்குக் கை பழகியது அவருடைய ரிமோட்தான். பாஸ்வேர்டு கேட்காத, நெட் போனாலும் நிற்காத ஒயர் எக்ஸ்டெண்டர் அவருக்குச் செய்யும் உதவியை எந்த ஆப்பும் செய்வதில்லை.

ரிமோட் பிரச்சினை தீர்ந்ததும் கதவை மூடியே வைக்கத் தோன்றும். ஆனால் ஆம்ப்ளிஃபையரும் செட்-டாப் பாக்ஸும் நன்றாகச் சூடாகும் கருவிகள். அலமாரியின் பின்பலகையில் கீழே ஒரு துளை, மேலே ஒரு துளை போட்டால் சூடான காற்று வெளியேறும். இதைத் தவிர்த்துவிட்டால் கருவியின் ஆயுள் குறையும்.

இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடுங்கள்: டிவி மாட்டும் இடத்திலிருந்து அலமாரிக்கும், அங்கிருந்து படுக்கையறைக்கும் காலியான பிவிசி பைப் ஒன்று, கரண்ட் ஒயர் போகும் பைப்பிலிருந்து தள்ளி. உள்ளே இழுகம்பி ஒன்றும் போட்டு வைக்கச் சொல்லுங்கள். பின்னால் சுவரைக் கொத்தும் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆவது மிகக் குறைவு.